பில்லில் 23,595, கையில் 13,087: ஏஜென்சி வேலையின் சம்பளக் கணக்கு

சுங்குவார்சத்திரத்தில் நான் டீ குடிக்கும் கடைக்கு ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்களில் ஒருவன், வந்தவாசிப் பக்கத்துக்காரன், ஒருநாள் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். கம்பெனி ஆபீஸில் மேஜைமேல் கிடந்த ஒரு பில்லை யாருக்கும் தெரியாமல் படம் பிடித்து வைத்திருந்தான். அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி, கம்பெனிக்குப் போட்ட பில். தலைக்கு 23,595 ரூபாய்.

"எனக்கு பேங்க்ல ஏறுனது 13,087-ண்ணா. நடுவுல பத்தாயிரத்து ஐந்நூறு ரூபா. அம்புட்டையும் கன்சல்டன்சிக்காரனே அடிச்சிட்டானா?"

ஆறு வருஷம் ஒரு மேன்பவர் ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டான். "ஏஜென்சிக்குப் போனது 1,308 ரூபாய் தம்பி" என்றேன். நம்பவில்லை. டீ ஆறும்வரை அவனுக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரகடமோ ஓசூரோ, ஏஜென்சி பேரோலில் வேலைக்குச் சேரும் எவருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி வேலையில் ஒரே ஆளுக்கு இரண்டு விலை உண்டு. கம்பெனி ஏஜென்சிக்குக் கொடுப்பது பில் ரேட். ஏஜென்சி ஆளுக்குக் கொடுப்பது பே ரேட். வேலையில் சேர்க்கும்போது முதலாவதைக் காட்டி ஆசை காட்டுவார்கள், மாதக் கடைசியில் இரண்டாவது கைக்கு வரும். இந்தப் பையனிடமும் "பத்தொன்பதாயிரம் தம்பி" என்றுதான் சொல்லி பஸ் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்பது பில்லைப் பிரித்தால் தெரியும்:

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்: 15,000
முதலாளி பங்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), 12 சதவீதம்: 1,800
பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீடும் நிர்வாகக் கட்டணமும், தலா அரை சதவீதம்: 150
முதலாளி பங்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு), 3.25 சதவீதம்: 488
போனஸ், 8.33 சதவீதம்: 1,250
கூட்டினால்: 18,688
ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ், 7 சதவீதம்: 1,308
ஜி.எஸ்.டி., 18 சதவீதம்: 3,599
ஆக மொத்தம்: 23,595

அந்த 18,688-ஐத்தான் சி.டி.சி. என்கிறார்கள். ஒரு ஆளை வைத்துக்கொள்ள ஆகும் மொத்தச் செலவு. அதைச் சம்பளம் என்று சொல்வது, கல்யாண மண்டப வாடகையையும் சேர்த்து மொய்யாக எழுதுவது மாதிரி. சம்பளம் 15,000. அதிலும் தொழிலாளியின் பங்காக பி.எஃப். 12 சதவீதம், 1,800 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 113 ரூபாய். மீதி 13,087. அவன் போனில் வந்த மெசேஜும் அதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குத் தொழில் வரி என்று இன்னொன்று பிடிப்பார்கள். அது வருஷத்துக்கு 2,500-ஐத் தாண்டக் கூடாது.

இப்போது நடுவில் காணாமல் போன 10,508-ஐத் தேடலாம். இரண்டு பங்கும் சேர்ந்த பி.எஃப். 3,600. இது அவன் பெயரில்தான் இருக்கிறது. முதலாளி தரும் 1,800-ல் 1,250 பென்ஷன் கணக்குக்கும் 550 பி.எஃப். கணக்குக்கும் போகும் என்பதால், பாஸ்புக்கில் பார்க்கும்போது தொகை குறைகிறதே என்று பலர் பதறுவார்கள். பதற வேண்டாம், மூன்று கட்டங்களையும் கூட்டிப் பாருங்கள். இ.எஸ்.ஐ. இரண்டு பங்கும் 601. அதற்குப் பதில் குடும்பத்துக்கே மருத்துவம் உண்டு. 150 ரூபாயில் பாதி, இறந்துபோனால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை தரும் காப்பீட்டுக்குப் போகிறது. அந்தக் காப்பீடு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. போனஸ் 1,250 பின்னால் வர வேண்டிய பணம். ஜி.எஸ்.டி. 3,599 அரசுக்கு. கம்பெனி பொருள் செய்து வரி கட்டி விற்கிற கம்பெனி என்றால், அதைத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும். மிச்சம் அந்த 1,308.

"அப்போ ஏஜென்சிக்காரன் நல்லவன்னு சொல்றீங்களா?" என்றான். அங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது.

கமிஷன் குறைந்தால் யார் தலையில் விழும்?

ஏஜென்சி முதலாளியின் நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்காருங்கள். மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் போட்டாக வேண்டும், அது சட்டம். 15-ம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ஆனால் கம்பெனி பில்லுக்குப் பணம் தருவது 45 நாளோ 60 நாளோ கழித்து. அதுவரை, பின்னால் கொடுக்கும் போனஸ் நீங்கலாக, ஆளுக்கு 17,438 ரூபாய் ஏஜென்சியின் கைப்பணம், பெரும்பாலும் கடன் பணம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் இரண்டு மாதத்துக்கு 349 ரூபாய் போய்விடும். பில் தொகையில் 2 சதவீதத்தை வருமான வரிக்காகக் கம்பெனி பிடித்துக்கொள்ளும், ஏறக்குறைய 400 ரூபாய். அது வருஷம் கழிந்து கணக்குத் தாக்கல் செய்த பிறகு நேராகும். மீதியில்தான் சூப்பர்வைசர் சம்பளம், ஆபீஸ் வாடகை, ஆள் பிடித்து வரும் புரோக்கருக்குத் தலைக்கு இவ்வளவு.

இப்போது கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பேரம் பேசுகிறார். இன்னொரு ஏஜென்சி 3 சதவீதத்துக்கு வருகிறதே என்கிறார். 18,688-க்கு 3 சதவீதம் 561 ரூபாய். வட்டியைக் கழித்தால் 212. ஒரு ஆளுக்கு மாதம் 212 ரூபாயில் எந்த ஏஜென்சியும் நேர்மையாக நடக்க முடியாது. ஆனாலும் அந்த விலைக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி? பில்லில் கேட்க முடியாததை ஆளிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் நான் ஏஜென்சியின் கமிஷன் அதிகம் என்று கோபப்படுவதில்லை. ரொம்பக் குறைவு என்றால்தான் பயப்படுகிறேன்.

எடுக்கிற வழிகள் பல. பச்சையாகச் செய்வது, முதலாளி பங்கு பி.எஃப்.பையும் தொழிலாளி சம்பளத்திலேயே பிடிப்பது. ஸ்லிப்பில் பி.எஃப். என்று ஒரே வரியில் 3,600 பிடித்திருந்தால் அதுதான் கதை. முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுக்கவே கூடாது. பி.எஃப்.புக்கும் அப்படி, இ.எஸ்.ஐ.க்கும் அப்படி. "சி.டி.சி. அப்படித்தான் தம்பி" என்று சொல்லி வாயை அடைப்பார்கள். சேரும்போது கையெழுத்தான சம்பளம் எது, பிடித்தம் எதிலிருந்து என்று பார்த்தால் போதும்.

அடுத்தது போனஸ். இது ஓசைப்படாமல் நடக்கும். கம்பெனியிடம் போனஸை மாதாமாதம் பில்லில் வாங்கிவிடுகிறார்கள். தொழிலாளிக்குக் கொடுப்பது தீபாவளிக்கு. இடையில் ஒருவன் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டால், மாதம் 1,250 வீதம் பத்தாயிரம் ரூபாய் ஏஜென்சியிடம் தங்கிவிடும். நான் வேலை பார்த்த இடத்தில் ஆவணி, புரட்டாசியில் ஆள் நின்றுபோனால் முதலாளிக்கு வருத்தமே வராது. அந்த மாதங்களில் சூப்பர்வைசர்களின் வாய் கொஞ்சம் கூடுதலாகவே நீளும். ஏன் என்று எனக்குப் புரிய இரண்டு தீபாவளி ஆனது. ஒரு கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸில் பங்கு உண்டு. நின்றவனும் கேட்கலாம். கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டு வந்தவர்களை என் ஆறு வருஷத்தில் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

மூன்றாவது, கட்டாமலே பிடிப்பது. ஸ்லிப்பில் 1,800 பிடித்திருக்கும், பி.எஃப். ஆபீஸுக்குப் போயிருக்காது. கம்பெனி பணம் தாமதமாகும்போது முதலில் நிறுத்தப்படுவது இதுதான், சம்பளத்தை நிறுத்தினால் கேட்டில் கூட்டம் கூடிவிடும் அல்லவா? இதைக் கண்டுபிடிப்பது எளிது. யூ.ஏ.என். என்கிற உங்கள் நிரந்தர பி.எஃப். எண்ணோடு இணைந்த செல்போனிலிருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக ஏறிய தொகை மெசேஜில் வரும். உமங் செயலியில் பாஸ்புக்கையே பார்க்கலாம். மாதம் 20-ம் தேதி வாக்கில் இதைப் பார்க்கிற பழக்கம் இருந்தால், மூன்று மாதம் கழித்து அழ வேண்டியிருக்காது. ஏஜென்சி மாறினாலும் யூ.ஏ.என். ஒன்றுதான். புது எண் போடுகிறேன் என்றால் பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

பஸ், கேன்டீன், யூனிஃபார்ம், ஐ.டி. கார்டு என்று சில்லறைப் பிடித்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகச் சின்னது. எதற்குமே எழுத்தில் ஆதாரம் கேளுங்கள், அவ்வளவுதான்.

ஏஜென்சி சம்பளம் போடாமல் ஓடிவிட்டால்? இது நடக்கிறது. கம்பெனிக்காரர் "நீ எங்க ஆள் இல்லையே" என்று கையை விரிப்பார். அப்படி விரிக்க முடியாது. 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் சரி, அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களிலும் சரி, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும், பிறகு அதை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அதற்கு நீங்கள் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தீர்கள் என்பதற்கு அடையாளம் வேண்டும். பஞ்ச் பதிவு, கேட் பாஸ், ஷிஃப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் அழிக்காமல் வையுங்கள். புதிய சட்டத்தில் வேலை நியமனக் கடிதம் கட்டாயம். "லெட்டர் அப்புறம் வரும்" என்பவரிடம் கொஞ்சம் வற்புறுத்தியே கேட்கலாம்.

ஆளே பணம் கட்ட வேண்டுமா?

இதுவரை பார்த்தது ஏஜென்சியே முதலாளியாக இருக்கிற வேலை. இன்னொரு வகையில் கன்சல்டன்சி ஆளைக் காட்டிக் கொடுப்பதோடு ஒதுங்கிக்கொள்ளும், கம்பெனியே நேரடியாகச் சம்பளம் போடும். அதற்குக் கம்பெனி கன்சல்டன்சிக்கு ஒரே தடவை கட்டணம் தருகிறது. வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்று பேசுவது பரவலான வழக்கம். அது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். மூன்று லட்சம் வருஷச் சம்பளம் என்றால் 25,000 ரூபாய். சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால் வேறு ஆளை இலவசமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். வேலையில் சேர்ந்த பிறகும் கன்சல்டன்சியிலிருந்து ஒரு பெண் அன்பாகப் போன் செய்து "வேலை எப்படி சார் போகுது?" என்று விசாரிப்பதும், மூன்று மாதம் கழிந்ததும் அந்த அன்பு வற்றிப்போவதும் இதனால்தான்.

ஆக, கம்பெனி ஏற்கெனவே கட்டணம் தந்துவிட்டது. வேலை தேடுகிறவரிடமும் ரிஜிஸ்ட்ரேஷன் 1,500, இன்டர்வியூ 500, முதல் மாதச் சம்பளத்தில் பாதி என்று கேட்டால் ஒரே ஆளை இரண்டு பக்கமும் விற்கிறார்கள் என்று பொருள். சில சமயம் பின்னால் வேலையே இருக்காது, ரிஜிஸ்ட்ரேஷன் பணம்தான் அவர்கள் தொழில். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-லேயே ஓர் உடன்படிக்கை போட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை. ஆகவே உங்கள் பர்ஸுக்கு நீங்களே காவல். ஒரிஜினல் சான்றிதழை "வெரிஃபிகேஷன்" என்று வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் பணம் கேட்கவில்லை என்றாலும் சேராதீர்கள், அந்தச் சான்றிதழ்தான் அவர்கள் பிடித்து வைத்திருக்கும் டெபாசிட். காசு செலவில்லாமல் தேட வேண்டும் என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் துறைக்கென்று நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. நான் பார்த்தவரை பெரிய மேன்பவர் கம்பெனிகளே அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும்.

வெளிநாட்டு வேலைக்குக் கணக்கு வேறு. அங்கே ஏஜென்ட் ஆளிடமே கட்டணம் வாங்க அனுமதி உண்டு, ஆனால் உச்சவரம்போடு. 1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் கீழுள்ள விதிப்படி 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 35,400. ரசீது தர வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்டாக இருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவர் "விசாவுக்கு" என்பார். விசா விற்பனைக்கு உள்ள பொருளே கிடையாது. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இருக்கிறது, அங்கும் பதிந்து வைக்கலாம். சிங்கப்பூர் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த நாட்டு ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் கட்டணம் வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நீக்கினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். ஊரில் நிலத்தை அடகு வைத்து, தொழில் திறன் டெஸ்ட் எழுதிப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பாதியைக் கேட்டிருப்பார்கள்?

வந்தவாசித் தம்பிக்கு வருகிறேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, 1,308 நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டான். நான்தான் விடவில்லை. ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, எவ்வளவு பார்த்தாய் என்றேன். போன மாதம் 16 மணி நேரம். ஓ.டி. பணம் தனியாக 15-ம் தேதிக்கு மேல் ஏறும், அந்த ஸ்லிப்பும் போனில் இருந்தது: 1,000 ரூபாய்.

டீக்கடைக்காரர் கால்குலேட்டரை வாங்கிப் போட்டோம். 15,000-ஐ 30 நாளால் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் 62 ரூபாய் 50 காசு. பதினாறு மணிக்கு ஆயிரம். ஆக, ஏஜென்சி இரண்டு வேலை செய்திருக்கிறது. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம், ஒற்றைதான் போட்டிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தை நாள் கூலியாக்க 26-ஆல் வகுப்பது கூலிக் கணக்கில் நெடுநாள் வழக்கம், கிராஜுவிட்டி சட்டமே அந்த 26-ஐத்தான் சொல்கிறது. இவர்கள் 30-ஆல் வகுத்திருக்கிறார்கள். "லீவு போட்டா எவ்வளவுடா பிடிக்கிறாங்க?" என்று கேட்டேன். 577 என்றான். அது 26-ஆல் வகுத்த கணக்கு! கொடுக்கும்போது மாதத்துக்கு முப்பது நாள், பிடிக்கும்போது இருபத்தாறு.

26-ஆல் வகுத்து இரட்டிப்பாக்கினால் மணிக்கு 144 ரூபாய் 23 காசு, பதினாறு மணிக்கு 2,308. கொடுத்தது ஆயிரம். குறைவது 1,308. சர்வீஸ் சார்ஜும் அதே தொகை. இரண்டு தடவை போட்டுப் பார்த்தோம், தற்செயல்தான். ஆனால் பையன் முகம் மாறிவிட்டது. பில்லில் எழுதியிருந்த 1,308-க்கு அத்தனை கோபப்பட்டவன், எழுதாத 1,308-ஐ ஒன்பது மாதமாகக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் ஏஜென்சி ஆபீஸுக்குப் போய், கோபப்படாமல், ஓ.டி.யைக் கம்பெனிக்கு எந்த ரேட்டில் பில் போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறான். "யார்ரா சொல்லிக் குடுத்தது?" என்றாராம் சூப்பர்வைசர். அடுத்த மாதமும் 16 மணி நேரம் ஓ.டி. பார்த்தான். 2,000 ஏறியது. இரட்டிப்பு கொடுத்துவிட்டார்கள், வகுத்தது இன்னும் முப்பதால்தான். மீதி 308-ஐக் கேட்க இந்த வாரம் போகிறானாம், லீவு பிடித்த ஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு.